அறுப்பின் பண்டிகை ஏலமும் அப்பாவின் சம்மதமும்

ரெபேக்கா கண்ணு,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. ஆனால் முந்தாநாள் வீடியோவில் உன்னைப் பார்த்துவிட்டேன். கன்னம் ஒட்டிப்போய், கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. அதனால் நலமா என்று கேட்கப் போவதில்லை, ஒழுங்காகச் சாப்பிடு என்று மட்டும் சொல்கிறேன். இதைப் பேப்பரில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்சப்பில் அனுப்புவேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. காலமெல்லாம் தோல் மண்டியில் தரம் பிரித்து, தோலுக்குப் பின்பக்கம் கிரேடு நம்பர் போட்டே பழகிய கை இது. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் போனை எடுத்ததும் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவளை வைத்துக்கொண்டு சில விஷயங்களை என்னால் பேச முடியாது. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான்.

நீ இரண்டு கேள்வி அனுப்பியிருந்தாய். கிறிஸ்மஸ் முடிந்ததும் மலாவியில் உன் ஊழியத் தவணை தீர்கிறது. இன்னும் மூன்று வருஷம் அந்தக் கிராமத்து ஆஸ்பத்திரியிலேயே நர்ஸாக இருந்து பிரசவம் பார்க்கவும், ஞாயிற்றுக்கிழமை பெண்களுக்கு வேதபாடம் நடத்தவும் உனக்கு ஆசை. "சபை தாங்குமா அப்பா? உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டிருந்தாய். முதல் கேள்விக்கு இதற்குள் பாஸ்டர் பதில் அனுப்பியிருப்பார். தாங்கும் என்று எழுதியிருப்பார். எப்படித் தாங்கியது என்று எழுதியிருக்க மாட்டார். அவர் நல்ல மனிதர், என் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அதை விட்டிருப்பார். அதை நானே எழுதிவிட்டு, அப்புறம் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நடுவில் நான் உளறினால் பொறுத்துக்கொள், உன் அப்பன் எப்போது ஒரு விஷயத்தை நேராகச் சொல்லியிருக்கிறான்.

உனக்கு வருகிற காசை எங்கோ வெளிநாட்டுக் கம்பெனி கொடுக்கிறது என்று அந்த ஊர்க்காரர்கள் நினைக்கிறார்கள், எத்தனை சொன்னாலும் நம்புவதில்லை என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாய். அடுத்த முறை இப்படிச் சொல்லு. ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பெண்கள் விடிவதற்கு முன்னால் உலை வைக்கிறார்கள். உலையில் போட அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்பு மேடையில் இருக்கிற பழைய பால் பவுடர் டப்பாவில் போடுகிறார்கள். சாப்பிட்டு மீந்ததிலிருந்து அல்ல, அளந்ததிலிருந்துதான் எடுக்கவேண்டும் என்பது நம் பெண்கள் ஐக்கியத்தின் சட்டம். போடும்போது உன் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை ஜெபம். ஞாயிற்றுக்கிழமை எல்லா டப்பாவும் ஒரே சாக்கில் கொட்டப்படும். ரேஷன் அரிசி, பொன்னி, பச்சரிசி, இட்லி அரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும், பிரியாணிக்குப் பேர்போன ஊரில் பிரியாணிக்கு எந்தக் காலத்திலும் ஆகாத ஒரே அரிசி அதுதான். அதை மாவுக்கடை ரஹீம் பாய் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார். "உங்க சர்ச் அரிசில அரைச்சா இட்லி பூவாட்டம் வருது, இன்னா மாயமோ தெரில" என்பார். அந்தக் காசு எங்கே போகிறது என்று அவருக்கும் தெரியும். உன் கையில் வருகிற காசில் அவர் கடை இட்லி மாவும் கலந்திருக்கிறது.

அரிசிக் காசு, சின்னப் பிள்ளைகளின் உண்டியல், மாதக் காணிக்கை, வருஷத்துக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகை ஏலம், இத்தனையும் சேர்ந்து பட்டணத்தில் இருக்கிற சங்க அலுவலகத்துக்குப் போகிறது. நம்மைப் போன்ற சின்னச் சின்ன பாப்டிஸ்ட் சபைகள் சேர்ந்து வைத்துக்கொண்ட சங்கம். ஒரு சபை ஒரு ஊழியரைத் தாங்குகிறேன் என்று ஒப்புக்கொண்டால், அந்த ஊழியர் அந்தச் சபையின் பேரில் போவார். அரசாங்கக் காகிதமெல்லாம் முடிந்து, காசு பேங்க் வழியாக அந்த ஊர்ச் சபைக்குப் போய், அவர்கள் உனக்குக் கொடுக்கிறார்கள். நடுவில் ஏதாவது ஒரு இடத்தில் நின்றுபோனால் உன் வீட்டு அடுப்பு நிற்கும். இவ்வளவு நீளமான குழாயில் தண்ணீர் வந்து சேர்வதே எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான், நம் தெருக் குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறைகூட ஒழுங்காக வருவதில்லை.

உன் மாமா இதையெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டான். உன் அம்மாவின் தம்பியாயிற்றே, சோற்றில் கை வைத்துக்கொண்டே சண்டைக்கு வருவான். "மச்சான், இங்க கீற பசங்களுக்கு பீஸ் கட்ட வழியில்ல. ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி இன்னா பண்ணப் போறீங்க? அங்க சர்ச்சே இல்லியா?" என்று கேட்டான். அங்கே சர்ச் இருக்கிறது, நம்மைவிட நன்றாகப் பாடுகிறார்கள், ஆனால் அந்த ஊரில் நர்ஸ் இல்லை, அவர்களே கேட்டுத்தான் இவள் போயிருக்கிறாள் என்று சொன்னேன். அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை, அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அப்புறம் எனக்குள் யோசித்துப் பார்த்தேன். என் தாத்தாவுக்குப் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்த பாதிரி ஒருவர் எங்கிருந்தோ கப்பலில் வந்தார். அந்தக் கப்பல் கூலியில் யாரோ ஒரு பெண்பிள்ளை முட்டை விற்ற காசும் இருந்திருக்கும். அவளுக்கும் ஒரு தம்பி இருந்திருப்பான், அவனும் இதே கேள்வியைக் கேட்டிருப்பான். நல்லவேளை அவள் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு புத்தி சொல்லிவிடுகிறேன். நீ அனுப்புகிற அறிக்கையைப் பாஸ்டர் ஆராதனையில் வாசிக்கிறார். "கர்த்தர் அதிசயமாய் நடத்தினார்" என்று அழகாக எழுதுகிறாய். சந்தோஷம்தான், ஆனால் அதைக் கேட்கும்போது பாதிப் பேர் கொட்டாவி விடுகிறார்கள். ஒருமுறை மலேரியாக் காய்ச்சலில் படுத்திருந்தபோது, அந்த ஊர்ப் பெண்கள் மக்காச்சோள மாவு கொண்டுவந்து கிண்டி உனக்கு ஊட்டிவிட்டார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய் பார், அன்றைக்குச் சபையே அழுதது. "நம்ம களி மாதிரியே கீதாம், தொட்டுக்கக் கீரையாம்" என்று நம் தெருமுனை மேரி ஒரு மாசம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஷூ கம்பெனியில் நின்றுகொண்டே ஷூவுக்குப் பசை தடவுகிறவள், புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள், அவளுக்கு உன் ஊழியத்தைப் பற்றித் தெரிந்தது அந்தக் களிதான். அதனால் பல் வலித்தால் பல்வலி என்று எழுது. பிரசவத்தில் குழந்தை தவறிப்போனால் அதையும் எழுது. இவர்கள் வெற்றிச் செய்தி வாங்குவதற்காகக் காசு போடவில்லை, ரெபேக்கா. உன்னை அனுப்பியிருக்கிறார்கள், நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்கள்.

சரி, ஏலத்துக்கு வருகிறேன். நம் சபையில் ஏலம் விடுவது யார் வேலை என்று உனக்குத் தெரியும். உன் அப்பனுக்குப் பாட வராது, பிரசங்கம் வராது, ஜெபிக்கச் சொன்னால் மூன்றாவது வாக்கியத்தில் மாட்டிக்கொள்வான், ஆனால் ஒரு பூசணிக்காயைக் கையில் கொடுத்தால் சபையையே எழுப்பி உட்கார வைப்பான். நம் ஆட்களில் எத்தனை பேருக்கு நிலம் இருக்கிறது? ஆனாலும் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் அறுத்ததைக் கொண்டுவருவார்கள். அமிர்தி மலைப்பக்கம் சொந்தக்காரர் இருக்கிறவர்கள் வாழைத்தாரும் பலாவும். வீட்டில் கோழி வைத்திருப்பவர்கள் சேவல். கம்பெனிக்காரர்கள் பெல்ட், மணிபர்ஸ், கட்டிங்கில் மிஞ்சிய தோலில் தைத்த பை. ஏலத்தில் எடுத்தவர் காசைக் கொடுத்துவிட்டுப் பொருளைத் திரும்ப மேஜையில் வைத்து, "மறுபடியும் வுடுங்க" என்று சொல்லலாம், அது நம் சபை வழக்கம். ஒரே முட்டை எட்டுப் பேரிடம் போய்த் திரும்பி வந்து, கடைசியில் பாஸ்டர் வீட்டில் ஆம்லெட் ஆகும்.

கத்துவது மட்டும் ஏலம் விடுவது இல்லை என்று உனக்கு நான் சொன்னதில்லை. மண்டியில் தோலைத் தடவிப் பார்த்து இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரிக்கிற செலக்டர் வேலைதான் அங்கேயும். யாரால் எவ்வளவு முடியும் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். கான்ட்ராக்டர் சாலமோன் கேட்டால் நான் லேசில் விடமாட்டேன், "அண்ணே, புதுசா கார் வாங்கினீங்களே, இந்த வாழைத்தாரு அதுல போவ ஆசப்படுது" என்று இழுப்பேன். மேரி மாதிரி ஒருத்தி ஆசைப்பட்டு ஒரு சுரைக்காயைக் கேட்டால், அவள் வாயை மூடுவதற்குள் "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று முடித்துவிடுவேன். அவளுக்கு மேல் யாரும் கேட்கக்கூடாது, அவளும் அதற்கு மேல் ஏறக்கூடாது. கொடுக்கிற ஆசை வந்துவிட்டால் நம் பெண்களுக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பீஸ்கூட மறந்துபோகும். அவர்களைக் கொடுக்க வைப்பதும் என் வேலை, ரொம்பக் கொடுத்துவிடாமல் உட்கார வைப்பதும் என் வேலை.

இந்த வருஷம் பண்டிகைக்கு முன்னால் சங்கத்திலிருந்து பாஸ்டருக்குக் கடிதம் வந்தது. விலைவாசி ஏறிவிட்டது, அடுத்த தவணைக்குச் சபை கூடுதலாகத் தாங்கவேண்டும், முடியாவிட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், சகோதரியைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். நம் ஊர் நிலைமை உனக்குத் தெரியாதா. கம்பெனிகளில் ஆர்டர் கம்மி. ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலையையே நிறுத்திவிட்டார்கள். ஓ.டி. காசில்தானே நம் பெண்கள் காணிக்கை போடுவார்கள். "ஏலத்தப் பாத்துட்டு முடிவு பண்ணலாம் அண்ணே, உங்க தொண்டதான் கர்த்தருக்கு இப்ப வேணும்" என்று பாஸ்டர் என் தோளைத் தட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. ஏலம் சரியாகப் போகாவிட்டால் நீ வந்துவிடுவாய். யாரும் உன்னைத் தடுத்தார்கள் என்று ஆகாது. நான் தடுத்தேன் என்றும் ஆகாது. காசு இல்லை, அவ்வளவுதான். நீ காட்பாடியில் ரயிலை விட்டு இறங்குவதும், நான் பெட்டியை வாங்கிக்கொள்வதும், வேலூரில் உனக்கு ஒரு நல்ல ஆஸ்பத்திரியில் வேலை கிடைப்பதும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ என் எதிரில் உட்கார்ந்து குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று உன் அம்மாவிடம் சண்டை போடுவதும், எல்லாம் எனக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருஷமும் ஒவ்வொரு பூசணிக்காய்க்கும் விலையை ஏற்றி ஏற்றி உன்னைத் தூரமாகவே வைத்திருந்தது நான்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இந்த வருஷம் கொஞ்சம் மெதுவாகக் கூவினால் போதும். பாவமா? நான் ஒரு பொய்கூடச் சொல்லப் போவதில்லையே.

பண்டிகை அன்றைக்கு அப்படியே செய்தேன். பூசணிக்காயை எடுத்தேன், முதலில் கேட்டவருக்கே மூச்சு விடாமல் மூன்று தரம் சொல்லித் தள்ளினேன். சாலமோன் வாழைத்தாரைக் கடை விலைக்குத் தூக்கிக்கொண்டு போனார், அவருக்கே வெட்கமாகிவிட்டது. சேவல் கூவிய அளவுகூட நான் கூவவில்லை. "செலக்டர் அண்ணே, இன்னா தொண்ட கட்டிக்கிச்சா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். மிளகு போட்டுப் பால் குடிக்கச் சொல்லி இன்னொருத்தி. நான் சிரித்துவிட்டு அடுத்த பொருளை எடுத்தேன். உன் அம்மா பெண்கள் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள், அவள் பக்கம் நான் திரும்பவே இல்லை.

கடைசியில் மேஜையில் ஒரே ஒரு பொருள் மிச்சம். சாம்பிள் ரூமில் வேலை செய்கிற நம் ஜான்சன் பளபளவென்று ஒரு லேடீஸ் ஷூவைக் காகிதம் சுற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தான். பிரித்தால் ஒரு கால்தான் இருக்கிறது. வெளிநாட்டு வியாபாரிக்குச் சாம்பிள் அனுப்பும்போது ஒரு காலுக்குத்தான் செய்வார்கள், ஜோடி சேர்த்துச் செய்வதில்லை. அவன் எந்நேரமும் அதையே பார்த்துப் பார்த்து, ஷூ என்றாலே ஒற்றைதான் என்று நினைக்கிற அளவுக்கு ஆகிவிட்டான். சபையே சிரித்தது, அவன் காதெல்லாம் சிவந்துபோனது. எனக்கோ உள்ளுக்குள் நிம்மதி. இதை யார் கேட்கப் போகிறார்கள், இத்தோடு முடிந்தது என்று, "ஒத்தக் கால் ஷூ, யாருக்கு வேணும்?" என்று செத்த குரலில் கேட்டேன்.

மேரி எழுந்தாள். நூறு என்றாள். நான் வழக்கம்போல அவளுக்கே முடித்துவிட வாயைத் திறப்பதற்குள், பின் வரிசையில் தையல்கார சாந்தி இருநூறு என்றாள். அதற்கு மேல் இன்னொருத்தி. மேரி மறுபடியும் ஏறினாள். எடுத்தவள் காசை வைத்துவிட்டு, "மறுபடியும் வுடுங்க" என்றாள். திரும்ப ஆரம்பித்தது. அந்த ஒற்றை ஷூ பெண்கள் வரிசை முழுக்கச் சுற்றி, ஆண்கள் பக்கம் தாவி, சாலமோனிடம் போய், அவர் வாழைத்தாருக்குக் கொடுக்காமல் விட்டதையெல்லாம் சேர்த்துக் கொடுத்து, திரும்ப மேஜைக்கு வந்தது. நான் கூவவே இல்லை. அவர்களே கேட்டார்கள், அவர்களே ஏற்றினார்கள், தரம் சொல்வதற்கு மட்டும் என்னைப் பார்த்தார்கள். மேரி மூன்றாவது தடவையும் எழுந்தாள். அவள் பையனுக்கு ஐ.டி.ஐ. பீஸ் பாக்கி இருப்பது எனக்குத் தெரியும்.

"மேரி, உக்காரு. போதும்" என்றேன். அன்றைக்கு நான் உரக்கப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நீங்க தரம் சொல்லுங்க அண்ணே. நான் உக்கார மாட்டேன்" என்றாள்.

சொன்னேன். வேறென்ன செய்ய. அவள் நகைக்கடையில் வாங்குகிறவள் மாதிரி ஷூவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்து, இலை எடுத்து, சபைக் கூட்டம் கூடியது. நம் சபையில் பாஸ்டர் நினைத்தால் எதுவும் நடக்காது, முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த எல்லோருக்கும் ஒரே ஒரு கை, அந்தக் கைகள் தூக்கினால்தான் நடக்கும். நீ ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வராமல், லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை நிரப்பினோம். தலை மேலே வந்ததும் ஆமென் சொல்வதற்குப் பதிலாக, "அப்பா, தண்ணி ஒரே உப்பா கீதுப்பா" என்று சபைக்கே கேட்கிற மாதிரி சொன்னாயே, அந்த வாய்க்கும் அன்றைக்கு ஓட்டு கிடைத்தது. ஊழியரை அனுப்புகிற விஷயத்தில் மட்டும் இன்னொரு வழக்கம். பெற்றவர்கள் முதலில் கை தூக்கவேண்டும். அவர்கள் தூக்காவிட்டால் மற்றவர்கள் தூக்க மாட்டார்கள்.

பாஸ்டர் எழுந்து, ஏலம் எதிர்பார்த்ததற்கு மேலே போய்விட்டது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்ம அண்ணன் இன்னிக்கி எவ்ளோ கூச்சப்பட்டாருன்னு பாத்தீங்களா? சொந்தப் பொண்ணுக்குக் கேக்கறோமேன்னு வாயே தொறக்கல. அந்தத் தாழ்மைதான் நம்ம எல்லாரையும் எழுப்பிச்சி" என்றார். கை தட்டினார்கள். என்னை எத்தனையோ தடவை வாயாடி என்றிருக்கிறார்கள், ஏலக்காரன் என்று கேலி பண்ணியிருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. இல்லாத தாழ்மைக்குக் கை தட்டியதைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"கூச்சமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. காசு சேரலன்னா எம் பொண்ணு வூட்டுக்கு வந்துடுவான்னு வேணும்னே கம்மியா கூவினேன்" என்றேன். பாஸ்டர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

மேரிதான் பேசினாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "தெரியும் அண்ணே. வருசா வருசம் ஊரக் கூட்ற ஆளு, இந்த வருசம் பூசணிக்காய பொசுக்குன்னு வுட்டா எங்களுக்குத் தெரியாதா? நாங்களும் புள்ள பெத்தவங்கதான்."

"தெரிஞ்சி ஏம்மா ஏத்தின?"

"காசு குடுக்கறது எங்க வேல, அத நாங்க பாத்துக்குறோம். உங்களுக்குப் பொண்ணு வேணும்னா, 'நீ வேணும், வா'ன்னு சொல்லிக் கூப்புடுங்க. யாரு இன்னா சொல்லப் போறாங்க? காசு இல்லன்னு மட்டும் சொல்லிக் கூப்டாதீங்க. அப்பறம் நாங்க தெனம் போட்ற அரிசிக்கு இன்னா அர்த்தம்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் என்னைத் திட்டவுமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பாஸ்டர் மெதுவாக, "அண்ணே, அவசரமில்ல, அடுத்த வாரம்கூட வெச்சிக்கலாம்" என்றார். எனக்கு அடுத்த வாரம் வரை அதைச் சுமந்துகொண்டு திரிய முடியாது என்று தெரிந்தது. நீ எனக்கு வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் நீ அங்கே இருக்க ஆசைப்படுகிறாய், அது சாதாரண ஆசை இல்லை என்றும் தெரியும். உன்னை ஏமாற்றி வரவழைத்து எதிரில் உட்கார வைத்தால், உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? கையைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து அது நடுங்கித் தொலைத்தது. பெற்றவர்கள் என்பதால் உன் அம்மாவையும் முன்னால் கூப்பிட்டு என் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் சபை முழுக்கக் கைகள். அப்படித்தான் சபை தாங்கும் என்று ஆயிற்று. உன் இரண்டாவது கேள்விக்கும் அதுவே பதில். எனக்குச் சம்மதம். சந்தோஷமாகக் கொடுத்தேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும், மனசறிந்து கொடுத்தேன்.

இந்த இடத்தில் கடிதத்தை முடித்து, ஜாக்கிரதையாக இரு, கொசுவலை இல்லாமல் படுக்காதே, எங்களுக்குப் பணம் அனுப்பாதே என்று நாலு வார்த்தை எழுதி அனுப்புவதாகத்தான் இருந்தேன். இன்று காலை உன் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க முடியாமல், "அன்னிக்கி எங் கையப் புடிச்சியே, தூக்கி வுடவா, எறக்கி வுடவா?" என்று கேலியாகக் கேட்டேன்.

"நடுங்கிச்சி. கீழ வுயுந்துடப் போவுதேன்னு புடிச்சேன்" என்றாள்.

"அப்ப உனக்கும் சம்மதந்தான்."

அவள் பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்னைய யாரு கேட்டாங்க? நான் கையே தூக்கல. நீங்க பாக்கல. யாரும் பாக்கல" என்றாள்.

ரெபேக்கா, நீ முதன்முதலாகப் போன நாளிலிருந்து இன்று காலை வரை, ஒரு நாள்கூடத் தவறாமல் உனக்கென்று அரிசி எடுத்து வைத்தவள் அவள். காய்ச்சலில் படுத்த அன்றைக்கும் என்னை எடுத்துப் போடச் சொல்லி, போட்டேனா என்று எழுந்து வந்து டப்பாவைத் திறந்து பார்த்தவள். அவளிடம் பாஸ்டர் கேட்கவில்லை, சபை கேட்கவில்லை, ஒரே வீட்டில் இருக்கிற நான் கேட்கவில்லை. நீயும் "அப்பா, உங்களுக்குச் சம்மதமா" என்றுதான் எழுதினாய். உன்னைக் குறை சொல்லவில்லை, கண்ணு, உனக்கு அப்படித்தான் பழக்கிவிட்டிருக்கிறோம். உடனே அவளிடமே கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் நான் கேட்டால் எனக்கு ஏற்ற பதிலைச் சொல்லிவிடுவாள். பாஸ்டர் கேட்டால் பாஸ்டருக்கு ஏற்ற பதில். உண்மையான பதில் உனக்கு மட்டும்தான் கிடைக்கும்.

அதனால் சங்கத்துக்கு இன்னும் ஒப்புதல் அனுப்பாதே. நாளைக்குக் காலை நான் மண்டிக்குக் கிளம்பிய பிறகு அவளைக் கூப்பிடு. நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், யாரும் இருக்க மாட்டார்கள். நல்லாயிருக்கோம் என்பாள், சாப்பிட்டியா என்பாள், அதோடு வைத்துவிடாதே. உனக்குச் சம்மதமா என்று அவளிடம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை போனைப் பிடித்துக்கொண்டே இரு. அவள் அங்கேயே இரு என்றாலும் வா என்றாலும், சபையில் எழுந்து அதைச் சொல்வது என் பொறுப்பு.

அப்பா